ஆலோசனை அறை இருக்கிறது, பிள்ளைகள் தானாக வருவதில்லை: எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: தாமிரபரணி

அரசு உதவிபெறும் மேல்நிலைப்பள்ளி. ஆறு முதல் பன்னிரண்டு வரை, இருபாலர், சுமார் 1,100 பிள்ளைகள். முழுநேர ஆலோசகர் நான் ஒருவர்தான். அறை, தலைமையாசிரியர் அறைக்கு அடுத்தது. வாசலில் 'மாணவர் மனநல ஆலோசனை மையம்' என்று பெரிய பலகை இருக்கிறது.

வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள் அனுப்பி வைப்பவர்கள். அதிலும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்கள்தான் அதிகம். தானாக வருவது பெண்பிள்ளைகள் சிலர். அவர்களும் "பிளஸ் ஒன்ல எந்த குரூப் எடுக்கலாம்" என்று ஆரம்பித்து, எழுந்து போகும் நேரத்தில்தான் வேறு ஏதோ சொல்ல வாயெடுக்கிறார்கள். பிளஸ் டூ பையன்கள் சுத்தமாக வருவதில்லை.

"நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் கூச்சம் சார்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதிதான் காரணம் என்று தோன்றுகிறது. ஒரு பிள்ளை வருவதையும் வராமல் இருப்பதையும் உண்மையில் எது தீர்மானிக்கிறது? பள்ளிக்குள் நாம் மாற்றக்கூடியது எது? மாறியிருக்கிறதா என்று எப்படி அளப்பது?

பதில் 1: குறிஞ்சி (பள்ளி ஆலோசகர்)

முதல்முறை வராததற்கும் இரண்டாம் முறை வராததற்கும் காரணங்கள் வேறு வேறு. முதல்முறை தடுப்பது பெரும்பாலும் அறைக்கு வரும் வழி: யார் கண்ணில் படுவோம், எந்தப் பீரியடை விட்டு வர வேண்டும், யார் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறை தடுப்பது, முதல் சந்திப்பில் சொன்னது எங்கே போய்ச் சேர்ந்தது என்ற சந்தேகம். ஊர்க் கூச்சத்தை ஒரு வருடத்தில் மாற்ற முடியாது. இந்த இரண்டையும் ஒரு பருவத்துக்குள் மாற்றலாம்.

இடத்திலிருந்து தொடங்குங்கள். தலைமையாசிரியர் அறை வராந்தாவில் நிற்கும் பிள்ளையைப் பார்த்ததும் மற்றவர்கள் "மாட்டிக்கிட்டான்" என்றுதான் நினைப்பார்கள். உங்கள் அறை அதே வராந்தாவில் இருக்கும்வரை அந்த எண்ணம் போகாது. நூலகம், என்.எஸ்.எஸ். அறை என்று பிள்ளைகள் பல வேலையாகப் போய்வரும் பக்கத்தில் ஒரு சின்ன அறை கிடைத்தாலும் மாறிவிடுங்கள். மாற முடியாவிட்டால், காத்திருக்கும் பெஞ்சை வெளியிலிருந்து எடுத்து அறைக்குள் போடுங்கள். பலகையில் 'மனநல' என்பதை எடுத்துவிட்டு 'மாணவர் வழிகாட்டி அறை' என்று எழுதுங்கள். உதவித்தொகை விண்ணப்பம், விடுதி விண்ணப்பம், கல்லூரிப் படிப்புகள் பற்றிய கையேடுகள் எல்லாவற்றையும் உங்கள் அறையிலேயே வையுங்கள். உள்ளே போன பிள்ளைக்கு, வெளியே வந்ததும் "எதுக்குடா போன?" என்ற கேள்விக்கு ஒரு பதில் கையில் இருக்க வேண்டும். குரூப் பற்றிக் கேட்டு வரும் பெண்பிள்ளைகள் செய்வதும் அதுதான். அந்தக் கேள்வியை ஐந்து நிமிடத்தில் முடித்து அனுப்பிவிடாதீர்கள். "வேற எதாவது இருந்தா இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்.

கதவை மூடினால் பாதுகாப்புப் பிரச்சினை, திறந்தால் ரகசியம் இல்லை. கதவில் பெரியவர் கண் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பட்டை வைக்கச் சொல்லுங்கள். கதவுக்கு நேர் எதிரே உங்கள் நாற்காலி. பிள்ளையின் நாற்காலி கதவுக்கு முதுகு காட்டி. வெளியே போகிறவருக்கு உங்கள் முகம் தெரியும், பிள்ளையின் முகம் தெரியாது. அழும்போது இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். குரல் வெளியே கேட்கிறதா என்று, ஒருவரை உள்ளே சாதாரணமாகப் பேசவைத்து நீங்கள் வராந்தாவில் நின்று சோதியுங்கள். ஜன்னல் பக்கம் கேட்டால் நாற்காலிகளை நகர்த்தி, ஃபேனைச் சுழலவிடுங்கள்.

அடுத்தது கூப்பிடும் முறை. அலுவலக உதவியாளர் வகுப்பு வாசலில் நின்று "கவுன்சலர் மேடம் கூப்பிடுறாங்க" என்று பெயர் சொன்னால் அந்தப் பிள்ளை மறுபடி வராது. பள்ளியில் எல்லா வேலைக்கும் ஒரே மாதிரி ஸ்லிப் இருக்கட்டும்: பெயர், வகுப்பு, அறை எண், நேரம். காரணம் எழுத இடமே வேண்டாம்.

நேரத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பி.டி. பீரியடில் கூப்பிட்டால் பையன்கள் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்வார்கள். மதிய இடைவேளையின் முதல் 20 நிமிடம் சாப்பாட்டு வரிசை, கடைசி 20 நிமிடம் சரியாக வரும். மாலை நேரம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒரு மணிநேரம் கழித்து என்றால் யாரும் இருக்க மாட்டார்கள். தொடர்ந்து வரவேண்டிய பிள்ளையை ஒவ்வொரு வாரமும் வேறு வேறு பீரியடில் பாருங்கள். ஒரே பாடம் இரண்டு முறை போனால் அந்த ஆசிரியர் வகுப்பில் வைத்தே கேட்டுவிடுவார். பிளஸ் டூ பையன்களுக்கு 30 நிமிட அமர்வே அதிகம். 15 நிமிடம் என்று முன்கூட்டியே சொன்னால் வருவார்கள்.

இப்போது ஆசிரியர்கள் அனுப்புவது. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. சத்தம் போட்டவன், ஹோம்வொர்க் செய்யாதவன், சண்டை போட்டவன் எல்லோரையும் "போ, கவுன்சலரைப் பாரு" என்று நாற்பது பேர் முன்னால் அனுப்பினால், அந்த நாற்பது பேருக்கும் அந்த அறை எதற்கு என்று பாடம் நடத்தியாகிவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் எத்தனை விழிப்புணர்வுப் பேச்சு பேசினாலும் எடுபடாது. பாதிச் சீட்டில் ஒரு பரிந்துரைப் படிவம் வையுங்கள், நான்கே கேள்வி: கண்ணால் பார்த்தது என்ன (முடிவு வேண்டாம், 'சோம்பேறி' என்று எழுதாமல் 'இரண்டு வாரமாக முதல் பீரியடில் தூங்குகிறான்' என்று), எப்போதிலிருந்து, நீங்கள் அவனிடம் என்ன பேசினீர்கள், 'உன்னை ஆலோசகரிடம் அனுப்பப்போகிறேன்' என்று அவனிடம் தனியாகச் சொன்னீர்களா. நான்காவதற்கு 'ஆம்' இல்லாத சீட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் சீட்டே வேண்டாம், உடனே நேரில் வரச் சொல்லுங்கள்.

அனுப்பிய ஆசிரியருக்குப் பதிலே சொல்லாவிட்டால் அனுப்புவதை நிறுத்திவிடுவார். எல்லாவற்றையும் சொன்னால் பிள்ளைகள் நிறுத்திவிடுவார்கள். "வந்தான், பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்பதோடு வகுப்பில் அவர் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை மட்டும் சொல்லுங்கள்: "இரண்டு வாரத்துக்கு எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம்", "முதல் பெஞ்சுக்கு மாற்றுங்கள்". ஆசிரியருக்கு உண்மையில் தேவைப்படுவதும் அதுதான். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது ஒரு பிள்ளையின் பெயர் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது, பாராட்டாகக்கூட.

கடைசியாக முதல் மூன்று நிமிடம். இப்படிச் சொல்லலாம்: "நீ சொல்றது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கும். மூணு விஷயத்துக்கு மட்டும் நான் வேற ஒருத்தர்கிட்ட சொல்லியாகணும். உன் உயிருக்கு ஆபத்துன்னா, நீ வேற யாரையாவது காயப்படுத்தப் போறன்னா, யாராவது உன்கிட்ட தப்பா நடந்திருந்தா. அப்பவும் யார்கிட்ட, என்ன சொல்லப் போறேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." பேச ஆரம்பிக்கும் முன்பே இதைச் சொல்ல வேண்டும். பாதியில் சொன்னால் பொறி வைத்த மாதிரி ஆகிவிடும்.

பதில் 2: நொச்சி (சமூகப்பணித் துறை)

அளப்பது பற்றி. மொத்த வருகை எண்ணிக்கையை நம்ப வேண்டாம். ஒரு கண்டிப்பான ஆசிரியர் பத்துப் பேரை அனுப்பினாலே அது ஏறிவிடும். மாதந்தோறும் மூன்றைக் குறியுங்கள்: தானாக வந்தவரும் அனுப்பப்பட்டவரும் தனித்தனியே எத்தனை பேர், முதல்முறை வந்தவர்களில் வரச்சொல்லி மறுபடி வந்தவர் எத்தனை பேர், எந்தெந்த வகுப்புப் பிரிவிலிருந்து யாருமே வரவில்லை. மூன்றாவது முக்கியம். ஒரு பிரிவில் மட்டும் பூஜ்யம் என்றால், அந்த வகுப்பில் யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு விசாரியுங்கள்.

பெயரில்லாப் படிவம் கொடுப்பதாக இருந்தால் "ஆலோசனை அறைக்கு வருவீர்களா?" என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் நல்ல பெயருக்காக 'ஆம்' என்று டிக் செய்வார்கள். 2005இல் வில்சன், டீன் முதலானோர் வெளியிட்ட உதவி நாடல் வினாத்தாளின் அமைப்பு இதற்குப் பொருத்தமானது. ஒரு பிரச்சினையைச் சொல்லி, யாரிடம் போவாய் என்று வரிசை கொடுத்து ஒவ்வொருவருக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போடச் சொல்வது. வரிசையில் நண்பன், அம்மா, அப்பா, அண்ணன் அக்கா, வகுப்பாசிரியர், ஆலோசகர், ஹெல்ப்லைன், கடைசியில் 'யாரிடமும் போகமாட்டேன்'. உங்களுக்கு வேண்டிய செய்தி அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. அதில் அதிக மதிப்பெண் போட்ட வகுப்புகளுக்கு முதலில் போங்கள்.

மூல வினாத்தாளில் தற்கொலை எண்ணம் பற்றியும் ஒரு பகுதி உண்டு. பெயரில்லாப் படிவத்தில் அதைச் சேர்க்காதீர்கள். ஒரு பிள்ளை அதில் ஏதாவது எழுதிவிட்டால் யார் என்று கண்டுபிடிக்க வழி இருக்காது.

காரணங்களைப் பொறுத்தவரை, இளைஞர்கள் ஏன் உதவி நாடுவதில்லை என்று வந்த ஆய்வுகளை 2010இல் ஆஸ்திரேலியாவில் கலிவர், கிரிஃபித்ஸ், கிறிஸ்டென்சன் மூவரும் தொகுத்துப் பார்த்தார்கள். களங்க பயம், ரகசியம் பற்றிய ஐயம், தனக்கு இருப்பது ஒரு பிரச்சினை என்றே தெரியாமை, 'நானே பார்த்துக்கொள்வேன்' என்ற பிடிவாதம் ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. உதவி தேட வைப்பவற்றில் முன்பு கிடைத்த நல்ல அனுபவமும், நெருங்கியவர் ஒருவர் "போய்ப் பார்" என்று சொல்வதும் உண்டு. பையன்களுக்கு நான்காவது காரணம் கனமானது. அவர்களிடம் "மனசுல இருக்கிறதைப் பேச வா" என்பதைவிட "தூக்கம் வரலைன்னா, படிச்சது நிக்கலைன்னா, கோபம் கட்டுக்கு வரலைன்னா வா" என்று அறிவியுங்கள். உடம்பு, படிப்பு வழியாக வருவார்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தற்கொலை எண்ணம் கூடக்கூட உதவி கேட்கும் எண்ணம் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே தானாக வருவது எவ்வளவு கூடினாலும், கவனித்து அனுப்பும் ஆசிரியரும் கையைப் பிடித்துக் கூட்டிவரும் நண்பனும் தேவை. வகுப்பு அறிமுகத்தின்போது "உன் ஃப்ரெண்டுக்காக நீ வரலாம்" என்பதைத் தவறாமல் சொல்லுங்கள்.

பதில் 3: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

நிர்வாகப் பக்கம் சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2025 ஜூலை 25இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய வழிகாட்டுதல்களின்படி, 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப்பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும். ஆசிரியர், பணியாளர்களுக்கு ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி தர வேண்டும். அந்த இரண்டு பயிற்சிகளில் ஒன்றை ஜூன் மாத ஆசிரியர் கூட்டத்தோடு வைத்து, குறிஞ்சி சொன்ன நாலு கேள்விப் படிவத்தை அங்கேயே அறிமுகப்படுத்துங்கள். தலைமையாசிரியர் வாயால் சொன்னால்தான் நடக்கும்.

ஆலோசகருக்கு மூன்று வேலை கொடுக்கக் கூடாது: ஒழுங்கு நடவடிக்கை விசாரணை, காப்பியடித்த வழக்கில் எழுதி வாங்குவது, பீஸ் பாக்கி கேட்பது. ஒருமுறை செய்தாலும் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். ஆசிரியர் வராத வகுப்புக்கு ஆலோசகரை அனுப்பும் வழக்கமும் வேண்டாம். அதற்குப் பதில் ஜூன், ஜூலையில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பீரியட் முறையாக டைம்டேபிளில் போட்டு, முகத்தையும் அறையையும் அறிமுகப்படுத்துங்கள். ஆறாம் வகுப்பையும் பிளஸ் ஒன்னையும் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள், பள்ளிக்குப் புதியவர்கள் அங்கேதான் அதிகம்.

பார்வையிட வரும் அதிகாரி பதிவேடு கேட்பார். அதில் வரிசை எண், தேதி, வகுப்பு, ஆண்/பெண், தானாக/ஆசிரியர்/பெற்றோர், பொருள் குறியீடு (படிப்பு, குடும்பம், நட்பு, உடல்நலம், பிற) போதும். பெயரும் வரிசை எண்ணும் சேர்ந்த நோட்டு தனியாக உங்கள் பூட்டிய அலமாரியில். ஆறாம், ஏழாம் வகுப்பில் எண்ணிக்கை ஒன்றிரண்டாக இருந்தால் அறிக்கையில் 'நடுநிலை வகுப்புகள்' என்று சேர்த்தே எழுதுங்கள். இல்லையென்றால் ஆள் யாரென்று எளிதில் தெரிந்துவிடும்.

'மாணவர் மனசு' பெட்டி புகாருக்கானது, ஆலோசனைக்கு நேரம் கேட்கும் சீட்டை அதில் போடச் சொல்லாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி வேண்டும். நேரம் கேட்கும் பெட்டியை கேமரா படாத இடத்தில், நூலக வாசல் மாதிரி, வைத்து தினமும் மதியம் நீங்களே திறங்கள்.

பதில் 4: வடமராட்சி

இலங்கைப் பாடசாலைகளில நிலைமை கொஞ்சம் வேறை. அநேகமான இடங்களில ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பானவர் ஒரு ஆசிரியர்தான், அவருக்கும் பாடவேளைகள் இருக்கும். தன்ர விடைத்தாளைத் திருத்திறவரிட்டப் போய் ஒரு பிள்ளை வீட்டுப் பிரச்சினையைச் சொல்லாது. இதுக்கு ஒரு வழி, அவர் கற்பிக்காத தரங்களை அவர் பார்க்கிறது: 6 முதல் 9 வரை படிப்பிக்கிறவர் சாதாரண தர (10, 11), உயர்தர (12, 13) வகுப்புப் பிள்ளைகளைப் பார்க்கலாம், மற்றப் பக்கத்துக்கு வேறொரு ஆசிரியர்.

சின்ன ஊரிலை இன்னொரு சிக்கல், உளவளத்துணை செய்யிறவர் பிள்ளையின்ர மாமிக்குத் தெரிஞ்சவரா இருப்பார், கோயில்லயும் சந்திக்க வேண்டி வரும். முதல் சந்திப்பிலயே "வெளியில கண்டால் நான் முதல்ல கதைக்க மாட்டன், நீர் கதைச்சால் கதைப்பன்" எண்டு சொல்லிவிடுங்கோ. அதோட வேற வழியையும் காட்டுங்கோ: வைத்தியசாலை உளநலப் பிரிவு, தேசிய மனநல நிறுவனத்தின்ர தொலைபேசி இலக்கம் 1926, சிறுவர்களுக்கான இலக்கம் 1929. மாணவத் தலைவர்களை விட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவிக்கவே கூடாது.

தாமிரபரணி

எல்லோருக்கும் நன்றி. பலகையையும் பெஞ்சையும் இந்த வாரமே மாற்றிவிடலாம். ஒன்றே ஒன்று மட்டும் தெளிவு வேண்டும். பெற்றோர் நேரில் வந்து "என் பிள்ளை உங்ககிட்ட என்ன சொன்னான்" என்று கேட்டால் எதுவரை சொல்வது? போக்சோ (பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) விவகாரத்தில் தலைமையாசிரியரிடம் சொன்னால் என் பொறுப்பு முடிந்துவிடுமா?

குறிஞ்சி

முடியாது. போக்சோ சட்டம் 2012, பிரிவு 19இன்படி குற்றம் நடந்தது தெரிந்த எவரும் உள்ளூர்க் காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தகவல் தர வேண்டும். தராவிட்டால் பிரிவு 21இன்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், ஆனால் தகவல் போய்ச் சேர்ந்ததை நீங்களே உறுதி செய்யுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லலாம். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி நேரம் போடுங்கள். மறுபடி மறுபடி கேட்டு விவரம் வாங்க வேண்டாம், அது விசாரிப்பவர் வேலை.

பதினாறு, பதினேழு வயதுக் காதல் விவகாரங்கள் வரும். 18 வயதுக்குக் கீழ் சம்மதம் என்பது சட்டத்தில் செல்லாது. மூத்த பிள்ளைகள் வாயைத் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் அந்த மூன்று விலக்குகளைத் தொடக்கத்திலேயே சொல்லச் சொன்னேன். எதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு பிள்ளை பேசட்டும்.

பெற்றோர் கேட்டால்: வந்தான், பேசினோம், வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது இது. அவ்வளவுதான். நண்பனோடு சண்டை, மதிப்பெண் பயம், யாரையோ பிடித்திருக்கிறது போன்றவற்றைப் பிள்ளையின் சம்மதமில்லாமல் சொல்லத் தேவையில்லை. "அவனையே கூப்பிட்டு மூணு பேரும் உக்காந்து பேசலாமா?" என்று கேட்டால் பெரும்பாலான பெற்றோர் ஒத்துக்கொள்வார்கள். சேர்ந்து உட்காருவதற்கு முன் பிள்ளையிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று ஐந்து நிமிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அன்றைக்கே பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. எப்படி என்று யோசித்திருக்கிறானா, அதற்கான பொருள் வீட்டில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பெற்றோர் வரும்வரை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள், பாத்ரூம் போனாலும் ஒருவர் கூடப் போகட்டும். யாரை வரச் சொல்வது என்பதைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். அப்பாவுக்குப் பயந்தால் அம்மா, இல்லையென்றால் சித்தி. விவசாயக் குடும்பமாக இருந்தால் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று கேட்டு, அன்று இரவுக்குள் வீட்டிலிருந்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். மாத்திரைகள் பூட்டுக்குள் போகட்டும். மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்து அனுப்புங்கள். இரவில் தேவைப்பட்டால் 14416, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ், 24 மணிநேரமும் தமிழில் பேசலாம். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி அம்மா கையிலும் பிள்ளை கையிலும் தனித்தனியாகக் கொடுங்கள்.

மறுநாள் பிள்ளை பள்ளிக்கு வந்தால் முதல் பீரியடுக்கு முன்பே பாருங்கள். வரவில்லையென்றால் காலை பத்து மணிக்குள் வீட்டுக்கு போன் போகட்டும், வகுப்பாசிரியர் மூலம் இல்லை, நீங்களே பேசுங்கள்.